வீட்டோடு

தலை காயும்வரை எதுவும் நடக்காது என்று மெங் தாவ் நினைத்துக்கொண்டார். நடந்தாயிற்றே, இனி நடக்க என்ன இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டார். முதுகில் வெயில். ஈர முடி தோளிலும் முதுகிலும் பாரமாகக் கிடந்தது. அதைக் கொத்துக் கொத்தாக எடுத்துச் சீப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள் ஆ மெய், முப்பது வருஷமாக அவருக்குத் தலை வாருகிறவள். எதிரே ஆறு, ஆற்றின் மேல் மரப்பாலம், அக்கரையில் தலைநகரின் தெற்கு வாசல். வாசல் சாத்தியிருந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் திறந்த வாசலும் சாத்திய வாசலும் ஒரே கறுப்புதான். ஆனாலும் சாத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அந்தக் கறுப்பில் ஒரு கெட்டித்தனம் வந்திருந்தது. கண்ணை அப்பால் திருப்பினாலும் விழியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. காலையில் அதே வாசல் வழியாகத்தான் வந்தார்கள். பன்னிரண்டு வயது அரசர், அரசர் பெயரால் ஏழு வருஷமாக நாட்டை ஆளும் மெங் தாவ், அவருடைய தம்பி, முந்நூறு குதிரைக்காரர்கள். மறைந்த அரசரின் சமாதியில் வருஷப் படையல். படையல் வைப்பவர் மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது. படையல் முடிந்ததும் தலை அலசி, சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முடி காய்ந்த பிறகுதான் கொண்டை போட்டுப் பதவிக்குல்லாய் வைக்கலாம். குல்லாய் இல்லாமல் அவர் சொல்வது எதுவும் கட்டளை ஆகாது. தலைவிரித்தவன் சொல்வது கட்டளை இல்லை, புலம்பல் என்று அரண்மனையில் ஒரு பேச்சு உண்டு. அதற்காகத்தான் கிழவன் ஷென் போ இந்த நேரத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். பதவி ஏற்ற அன்று பெரியவர்கள் ஒரு கதை சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஓர் அரசப் பிரதிநிதி இருந்தாராம், தலை அலசும்போது யாராவது பார்க்க வந்தால் ஈர முடியைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து வருவாராம், ஒரே அலசலுக்குள் மூன்று தரம். கேட்டுத் தலையாட்டினோம். அவருக்கு வந்தவர்கள் ஞானிகள். எனக்கு வந்தது ஒரு கடிதம்.

கடிதம் மடியில் இருந்தது. மேலே தண்ணீர் சொட்டிவிடக்கூடாது என்று முழங்காலின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். ஷென் போவின் கையெழுத்து. எண்பதை நெருங்கும் அந்தப் பழைய தளபதிக்கு இரண்டு காதும் கேட்காது என்று மூன்று வருஷமாக நாடே நம்பியிருந்தது. சபையில் கிழவருக்கு ஓர் ஆசனம், ஒரு கிண்ணம் கஞ்சி. நடுவில் எல்லோரும் சிரித்தால் ஒரு மூச்சு தாமதித்து அவரும் சிரிப்பார். அந்தத் தாமதம்தான் என்ன நேர்த்தி. இன்று காலை, இவர்கள் பாலத்தைத் தாண்டிய அரை நாழிகைக்குள், அதே கிழவர் குதிரையேறி ஆயுதக்கிடங்கின் முன் நின்று, காவலன் மெதுவாகத் தனக்குள் முனகிய ஏதோ ஒன்றுக்கு, "சத்தமாகச் சொல், வெட்கப்படாதே" என்றாராம். ஊர் அந்த ஒரு வாக்கியத்தில் கைமாறிவிட்டது. அப்படியானால் மூன்று வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மெங் தாவ் கடிதத்தை மடித்தார், மறுபடியும் பிரித்தார். என்னென்ன சொன்னேன் அவன் முகத்துக்கு எதிரே? புதுவருஷத்தன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சபையைப் பார்த்துக் கண்ணடித்து, "கிழட்டு ஆமையே, எப்போது ஓட்டைக் கழற்றப் போகிறாய்" என்று கேட்டது. அவன் முகம் மலர்ந்து, "நன்றி, நன்றி, உங்களுக்கும் அப்படியே" என்றது. உங்களுக்கும் அப்படியே. அன்று எவ்வளவு சிரித்தோம். இன்னும் என்ன, இன்னும் என்ன. எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது, ஒன்று மட்டும் வரவில்லை. வராததால் அல்ல, அது ஏற்கனவே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்ததால். நாக்கு தானாகப் போய் இடது கடைவாயில் பல் பிடுங்கிய குழியைத் தொட்டது.

கடிதம் சின்னதுதான். அரசரை அனுப்பிவிட வேண்டும், முத்திரையை ஒப்படைக்க வேண்டும். மெங் தாவ் மீது வேறு பகை கிடையாது. உச்சிக்கு முன், நிழல் காலடிக்கு வருவதற்குள், பாலத்துக்கு வந்தால் போதும். கடைசி வரி: மெங் தாவ் வீட்டோடு போகட்டும்.

"படி, இன்னொரு தரம் படி" என்றார் தூ ஷான். இவரோடு ஒரே பலகையில் எழுதக் கற்ற தூ ஷான், இப்போது நாட்டின் களஞ்சியங்களுக்கு அதிகாரி. வாசலைச் சாத்துவதற்குக் கொஞ்சம் முன் முள்ளங்கி வண்டியில், முள்ளங்கிக்கு அடியில் படுத்து வெளியே வந்திருந்தார். தாடியில் இன்னும் மண் இருந்தது. "மூன்று தரம் படித்துவிட்டாய். நாலாம் தரம் படித்தால் பணியாரமா விழும் அதிலிருந்து? எழுந்திரு. அரசர் நம்மிடம் இருக்கிறார், முத்திரை நம்மிடம் இருக்கிறது. மேற்குக் கோட்டை ஒரு பகல் பயணம். அங்கே நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள், இரண்டு வருஷத்துக்கு அரிசி இருக்கிறது, அந்த அரிசியை வைத்தவன் நான். கிழவனிடம் என்ன இருக்கிறது? நாலு வாசலும் ஒரு ஆயுதக்கிடங்கும். உன் பெயரில் ஒரு கட்டளை போனால் நாளை மறுநாள் அவன் நிஜமாகவே செவிடாகிவிடுவான்."

"தலை காயவில்லை" என்றார் மெங் தாவ்.

தூ ஷான் அவரையே பார்த்தார். பிறகு ஆ மெய்யைப் பார்த்து, "அம்மா, இந்தத் தலை எப்போது காயும்?" என்றார்.

"அடர்த்தியான முடி ஐயா. அவசரப்பட்டுக் கட்டினால் பேன் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். தலை இருந்தால்தானே பேன் பிடிக்கும்" என்றார் தூ ஷான். தம்பி மெங் ஜூ சிரித்தார். நாற்பது வயதாகியும் எதற்கும் முதலில் சிரிப்பு வரும் அவருக்கு. இன்று சிரிப்பு முடிந்த பிறகும் வாய் மூடாமல் அப்படியே நின்றது. மெங் ஜூ பட்டு வியாபாரியின் ஒரே மகளைக் கட்டி மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டவர். "எனக்கு ஒரு சந்தேகம் அண்ணா. நான் வீட்டோடு மாப்பிள்ளை. வீட்டோடு என்று எழுதியிருக்கிறானே, என்னை எந்த வீட்டோடு சேர்ப்பார்கள்? நம் வீட்டோடா, மாமனார் வீட்டோடா? முன்கூட்டித் தெரிந்தால் மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். ஏற்கனவே என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் கிடையாது." யாரும் சிரிக்கவில்லை. ஆற்றில் ஒரு கொக்கு காலை மாற்றி நின்றது. தம்பி வேடிக்கையாகத்தான் சொன்னான், ஆனால் சொல்லிவிட்டான், சொல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டான். இனி அது எல்லோருக்கும் நடுவில் கிடக்கும். இதுவரை என் மடியில் மட்டும் கிடந்தது.

வீட்டோடு போகட்டும். பதவியோடு வேண்டாம், படையோடு வேண்டாம், வீட்டோடு போகட்டும். போய்ச் சேரட்டும், தோட்டத்தில் பூசணிக்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டு, பெண்களுக்குக் கல்யாணம் செய்துகொண்டு மீதி நாளைக் கழிக்கட்டும். அப்படி ஓர் அர்த்தம். நல்ல அர்த்தம், வெயில் மாதிரி முதுகைத் தடவுகிற அர்த்தம். இன்னோர் அர்த்தம்: போகட்டும், வீட்டோடு. அவன், அவன் மனைவி, இரண்டு பெண்கள், அண்ணன் தம்பி, அடுப்பு, அடுப்பில் இருப்பது, எல்லாம். ஒரே சொல்தான். முன்னால் ஒரு பெருமூச்சு விட்டால் ஒன்று, பின்னால் விட்டால் இன்னொன்று. எழுத்தில் பெருமூச்சு இல்லை. 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் கிடையாது; வீட்டோடு இருக்கட்டும் என்றால் இருக்கத்தான் வேண்டும், சாக முடியாது. கிழவன் இருக்கட்டும் என்று எழுதவில்லை. தெரியாமல் எழுதாமல் விட்டானா? அறுபது வருஷம் கட்டளை எழுதிய கை. தெரிந்துதான் எழுதினான். எனக்கு என்று எழுதினான். என் சொல்லை எடுத்துத் துடைத்து, பளபளப்பாக்கி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான். இந்த இடத்தில் நாக்கு மறுபடியும் குழிக்குப் போனது. மெங் தாவ் அதை இழுத்துப் பிடித்தார், அது போனது. அங்கே இப்போது பல் இல்லை, வலி இல்லை, ஆனால் வலி இருந்த வீடு இருந்தது.

அன்றைக்கு அந்தப் பல் வலித்தது. அது மட்டும் நிச்சயம். மழைக்காலத்து மாலை, சபை முடியப் போகிற நேரம், கன்னத்தில் சூடான உப்பு மூட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி விஷயம் லூ ஃபாங். நாள் கணிக்கிற லூ ஃபாங், அரண்மனைப் பஞ்சாங்கக்காரன். இன்ன நாளில் சூரியனை நிழல் கவ்வும், அது அரசப் பிரதிநிதி பதவி ஏற்ற நாளாக அமையும் என்று கணக்குப் போட்டு, போட்டதோடு நில்லாமல் கள்ளுக்கடையிலும் சொல்லிவிட்டான். கணக்கு சரியா தப்பா என்பது இல்லை விஷயம். எழுத்தர் பான் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு, "லூ ஃபாங்கை என்ன செய்வது, ஐயா?" என்றான். அவர் கன்னத்தை அழுத்தியபடி சொன்னார்: வீட்டோடு போகட்டும். அவ்வளவுதான். எழுந்துவிட்டார். கிழவன் பக்கத்து ஆசனத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் பல்லைப் பிடுங்கியாயிற்று, வீக்கம் வடிந்தது, மனசில் ஒரு தாராளம். பானைப் பார்த்து, "லூ ஃபாங் வீட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறானா, இல்லை அங்கேயும் நட்சத்திரம் எண்ணுகிறானா?" என்று கேட்டார். பான் முதலில் இதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு புன்னகைக்க முயன்றான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. "எந்த வீட்டில், ஐயா?" என்றான்.

எந்த வீட்டில் ஐயா. பத்தொன்பது பேர். கடைசிப் பேரனுக்குப் பெயர்கூட வைக்கவில்லையாம், பட்டியலில் 'தொட்டில்' என்று எழுதியிருந்தது. அந்தக் கணம் ஒன்று இருந்தது. கை நீட்டினால் தொடலாம் போல இன்னும் இருக்கிறது. நான் சொன்னது அது இல்லை என்று கத்தியிருக்கலாம். எழுத்தரை உதைத்திருக்கலாம். குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டு லூ ஃபாங் வீட்டு வாசலில் போய் விழுந்திருக்கலாம், வாசல் இருந்திருந்தால். அவர் செய்தது "ம்" என்றது. ம், என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார். நான்தான் சொன்னேன், தெரிந்துதான் சொன்னேன், அரசப் பிரதிநிதி பல்வலியில் உளறமாட்டார் என்று அந்த 'ம்' எல்லோருக்கும் அறிவித்தது. அதன் பிறகு ஒரு மாதம் சபையில் யாரும் இருமக்கூட இல்லை. பயம் எவ்வளவு சௌகரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. கிழவன் அன்றைக்கும் இருந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தபோது, கேட்காதவன் போல, கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஆனால் பல்வலியில் நான் என்ன நினைத்தேன்? இதைத்தான் மூன்று வருஷமாக, பாதையில் பாம்பைக் கண்டவன் சுற்றிப் போவது போல, சுற்றிச் சுற்றிப் போகிறேன். வீட்டில் அடைத்து வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான். நாலாம் நாள் அப்படித்தானே கேட்டேன்? அதுவே சாட்சி. ஆனால் நாலாம் நாள் பல் இல்லை. பல் இருந்தபோது, கள்ளுக்கடையில் அவன் சொன்னதைக் கேட்டபோது காதுக்குள் ஒரு சூடு ஏறியதே, அந்தச் சூடு வீட்டில் உட்கார வைக்கிற சூடா? ஞாபகம் இல்லை. உப்பு மூட்டையின் வெப்பம் ஞாபகம் இருக்கிறது, மழைத் தண்ணீர் கூரையிலிருந்து விழுந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது, சொல்லின் உள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லையோ என்னவோ. வெறும் சொல், வாயைக் காலி செய்யச் சொன்ன சொல். பத்தொன்பது பேர் ஒன்றுமில்லாத ஒன்றுக்குச் செத்தார்கள் என்றால் அது இரண்டைவிடவும் மோசம்.

"எஜமான்" என்றாள் ஆ மெய். சீப்பு சிக்கில் மாட்டி நின்றிருந்தது. "கேட்கக்கூடாதுதான். எங்கள் அக்கா உங்கள் வீட்டில் சமையலுக்கு இருக்கிறாள் இல்லையா."

"இருக்கிறாள்."

"அவள் வீட்டோடு இருக்கிறவள். மற்ற வேலைக்காரர்கள் வந்து போகிறவர்கள். அவள் மட்டும்தான் வீட்டோடு." சீப்பை மெதுவாக விடுவித்தாள், வலிக்காமல். "அந்தக் கடிதத்தில் இருக்கிற வீட்டோடு என்பது அவளையும் சேர்த்துத்தானா என்று ஒரு யோசனை. நல்லதாக இருந்தால் அவளும் இருந்துவிட்டுப் போகட்டும். நல்லதில்லை என்றால், இன்றைக்கு அவளுக்குத் தலைவலி, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று யாராவது சொல்ல முடியுமா என்று."

முடியின் வேரிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி முதுகில் இறங்கியது, ஆ மெய்யின் விரல்களுக்கு அது தெரிந்திருக்கும், தெரிந்ததால்தான் அவள் விரல்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன. இந்நேரம் வீட்டில் என்ன நடக்கும்? யின், அவர் மனைவி, சாளரத்துக்குத் திரை போட்டிருப்பாள். வாசலில் சத்தம் கேட்டால் அவள் முதலில் செய்வது அதுதான், திரை போட்டால் சத்தம் அழுக்காக உள்ளே வராது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பெரியவள் சுவான் எங்கே என்று தெரியவில்லை, அவள் எப்போதும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கமாட்டாள். அது இன்று நல்லதா? சின்னவளுக்குப் பல் ஆடுகிறது, காலையில் வாயைத் திறந்து காட்டினாள். "அப்பா, இழுத்துப் பாருங்கள், வலிக்கவே இல்லை" என்றாள். படையலுக்கு நேரமாகிறது, வந்து பார்க்கிறேன் என்றேன். மேற்குக் கோட்டைக்குப் போனால், போகிறேன் என்கிற செய்தி எனக்கு முன்னால் பாலத்தைத் தாண்டிவிடும். பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கும். திரை, சமையற்காரி, ஆடுகிற பல். போகாமல் பாலத்துக்குப் போனால் இரண்டு அர்த்தம் இருக்கும். ஒன்றைவிட இரண்டு பெரிதில்லையா? தூ ஷானிடம் இதைச் சொன்னால் எச்சில் துப்புவான். சிங்கத்தின் வாயில் தலையை விட்டுவிட்டு, அதற்கு இன்று விரதமாக இருக்கலாம் என்று நினைப்பது போல.

தூ ஷான் பின்னாலிருந்த கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார். தாடியிலிருந்த மண்ணை இப்போதுதான் கவனித்து உதறினார். குரல் இறங்கியிருந்தது. "சரி. உனக்குச் சண்டை வேண்டாம், புரிகிறது. பெண்டு பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். எனக்கும்தான் இருக்கிறார்கள், நான் முள்ளங்கிக்கு அடியில் படுத்தபோது அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் வந்திருக்கமாட்டேன். அது போகட்டும். ஒன்று மட்டும் செய். ஆள் அனுப்பிக் கேள். வீட்டோடு என்றால் என்ன, தெளிவாக எழுது என்று கேள். இரண்டு வரி. அவன் 'இருக்கட்டும்' என்று எழுதினால் போ, நானே பாலம்வரை வருகிறேன். எழுத மறுத்தால் குதிரை தயாராக இருக்கிறது. இதில் உனக்கு என்ன நஷ்டம்?"

"கேட்க முடியாது" என்றார் மெங் தாவ்.

"ஏன்?"

"கேட்க முடியாது, ஷான்."

"அடே, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பதில் என்ன மானக்கேடு? சின்ன வயதில் ஒவ்வொரு எழுத்துக்கும் என்னிடம்தானே கேட்டாய்?"

சொல்லலாம். இந்த ஒருவனிடம் சொல்லலாம். லூ ஃபாங் செத்த அன்று தூ ஷான் தெற்கே களஞ்சியம் பார்க்கப் போயிருந்தான். திரும்பி வந்து ஒரு வாரம் இவரோடு பேசவில்லை, பிறகு, "நாட்டை ஆள்வதற்கு அதுவும் வேண்டியிருக்கிறது போல" என்று அவனாகவே சொல்லிக்கொண்டான். அவன் என்னைக் கொடியவன் என்று நினைத்து மன்னித்திருக்கிறான். அது ஒரு தவறு, வாய் தவறியது, தவறு என்று தெரிந்தும் 'ம்' என்றேன் என்று சொன்னால் எதை வைத்து மன்னிப்பான்? கிழவனுக்கு ஆள் அனுப்பி இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதே, எது என்று கேட்டால், கிழவன் திருப்பிக் கேட்பான்: இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று உங்களுக்கு எப்போது தெரியும்? அன்றைக்கே தெரியுமா? அந்தக் கேள்விக்கு நாற்பதாயிரம் படைவீரர்களைத் திரட்டியும் பதில் இல்லை. அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும், அது நல்ல அர்த்தமாக இருக்க வேண்டும். இன்று அது வீட்டுக்குப் போவது என்றால், அன்றும் அது வீட்டுக்குப் போவதுதான். பான் கெட்ட காதோடு எழுதினான், நான் நல்ல வாயோடு சொன்னேன், தொட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு எழுத்தரின் மடத்தனம் இருக்கிறது. நான் கோட்டைக்கு ஓடினால், வீட்டோடு என்றால் கொலைதான் என்று எனக்குத் தெரியும் என்று ஊருக்குச் சொன்னதாகும். எப்படித் தெரியும்? சொன்னவனுக்குத் தெரியாதா. ஓடுகிற ஒவ்வொரு குளம்படியும் அதைச் சொல்லும். நடந்து போனால், நம்பிப் போனால், அந்த நம்பிக்கையே நான் நிரபராதி என்பதற்குச் சாட்சி ஆகும். மெங் தாவ் இந்த இடத்தில் சற்று நின்றார். யோசனை வழுவழுப்பாக, எங்கும் இடறாமல் ஓடிவந்திருந்தது. இடறாத யோசனையைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் மனசாட்சியைக் கழுவ, யின்னையும் பெண்களையும் தண்ணீராக எடுத்துக்கொள்கிறேனா? இல்லை. இல்லை, அவர்களைக் காப்பாற்றத்தான் போகிறேன். இரண்டும் ஒரே பாதையாக இருப்பது என் குற்றமா? காலடியைப் பார்த்தார். நிழல் பெருவிரல்வரை வந்திருந்தது.

"கொண்டை போடட்டுமா, எஜமான்? மேலே காய்ந்துவிட்டது. பிடரியில்தான் ஈரம்."

"வேண்டாம்" என்றார். "இப்படியே போகிறேன்."

ஆ மெய் சீப்பைக் கீழே வைத்தாள். தூ ஷான் கீழே கிடந்த பதவிக்குல்லாயை எடுத்துத் தூசு தட்டினார். யாருக்காகத் தட்டினார் என்று தெரியவில்லை. "உன் அப்பா நல்ல மனுஷர்" என்றார் கடைசியில். "உங்கள் இருவரையும் பெற்றதற்குப் பதில் இரண்டு கன்றுக்குட்டி வாங்கியிருந்தால் உழவுக்காவது ஆகியிருக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், அழுகிறாரோ என்று நினைக்கும்படி. மெங் ஜூ இதற்கும் சிரித்துவிட்டு அண்ணனுக்குப் பின்னால் நடந்தார்.

பாலத்தின் நடுவில் ஒரு மடக்கு முக்காலியில் ஷென் போ உட்கார்ந்திருந்தார். வேல்காரர்கள் பத்துப் பேர் தள்ளி நின்றார்கள். எழுத்தர் பான் பலகையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷத்தில் அவனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. பலகைகளுக்கு இடையில் ஆறு ஓடுவது தெரிந்தது. மெங் தாவ் ஒவ்வொரு பலகையாகப் பார்த்து அடி வைத்தார், இடையில் கால் போய்விடும் போல இருந்தது, போகாது என்று தெரிந்தும். அரசரை முன்னால் அனுப்பியிருந்தார், இப்போது முத்திரைப் பெட்டியைக் கொடுத்தார். கிழவர் அதைத் திறந்து பார்க்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டார். அருகில் பார்த்தபோது அந்தக் காதுகள் பெரியவை, உள்ளே நரைமுடி வளர்ந்தவை, சாதாரணக் கிழவனின் காதுகள்.

"தலை நனைந்திருக்கிறது. காற்றில் நிற்காதீர்கள்" என்றார் ஷென் போ. குரலில் கேலி இல்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. "ஒரே ஒரு வேலை பாக்கி. ஒப்படைக்கிறவர் என்ன கேட்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், எழுத்தர் எழுத வேண்டும். வழக்கம் உங்களுக்குத் தெரியும்."

"கடிதத்தில் இருக்கிறதே" என்றார் மெங் தாவ்.

"கடிதத்தில் இருப்பது உங்கள் சொல். நான் எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான்." கிழவர் முக்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. நாலாம் நாள் சொன்ன 'ம்', அதுவும் கேட்டது. நினைத்தது என்ன என்பது மட்டும் கேட்கவில்லை. மூன்று வருஷம் காதை மூடிக்கொண்டு அதைத்தான் கேட்டுப் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள். இருக்கட்டும் என்று நினைத்தீர்களானால், அப்படிச் சொல்லுங்கள். அது தவறாக எழுதப்பட்டது, தெரிந்தும் விட்டுவிட்டேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பான் அப்படியே எழுதுவான், உங்களுக்கும் அப்படியே எழுதுவான்."

பான் தூரிகையைத் தோய்த்தான். தோய்த்துவிட்டு இவர் வாயையே பார்த்தான். அவனும் மூன்று வருஷமாக இதற்குத்தான் காத்திருக்கிறான் என்பது மெங் தாவுக்குத் திடீரென்று தெரிந்தது. அந்த ஒரு வார்த்தை அவனையும் விடுவிக்கும், அல்லது கொன்றுவிடும். தம்பி பின்னால் நிற்கிறான். வேல்காரர்கள் கேட்கிறார்கள். ஒரு வார்த்தைதான். இருக்கட்டும். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டால் போதும். தொட்டிலோடு பத்தொன்பது பேரும் இவர் பெயரில் எழுதப்படுவார்கள், சின்னவள் பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். சொல்லப் போகிறேன். சொல்வதற்கு வாயைத் திறந்தார். நாக்கு வழக்கம்போல முதலில் இடது கடைவாய்க் குழிக்குப் போனது, அங்கே எதையோ தேடுவது போல நின்றது.

அவர் தயங்குவதைப் பார்த்த பான், பழகிய எழுத்தர்கள் செய்வது போல, உதவி செய்தான். "அன்றைக்குப் போலவேதானே, ஐயா?"

"ம்" என்றார் மெங் தாவ்.

கிழவர் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார். பான் எழுதத் தொடங்கினான். மெங் தாவின் பிடரியிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி விழ, மை கலைந்துவிடாமல் அவன் பலகையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டான்.